தலைவர் முகத்து ரொட்டி

ஆற்றின் வடகரையில் மூங்கிலும் இலுப்பையும் மண்டிய ஒரு காட்டில், வேலாயி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். கறையான் விட்டுப்போன பெரிய புற்று ஒன்றைக் குடைந்து, அதையே அடுப்பாக்கி, ரொட்டி சுடுவது அவள் தொழில். வெடிக்காமல் சூடு தாங்கும்படி அந்தப் புற்றைப் பழக்க அவளுக்கு மூன்று கோடை பிடித்தது.

வேலாயிக்கு முதுகில் மட்டுமல்ல, நாக்கிலும் முள். உள்ளதைச் சொல்வாள். கேட்பவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க மாட்டாள்.

"மாவு பதமாகிவிட்டதா?" என்று முயல் வந்து கேட்டால், "உன் வயிறுதான் பதமாகியிருக்கிறது. போய் உட்கார்" என்பாள்.

அவள் வேலையைப் பார்க்க அழகாக இருக்கும், குழந்தைகளே. கோதுமை மாவில் நேற்றைய புளித்த மாவு ஒரு பிடி சேர்ப்பாள். தண்ணீர் தெளித்து, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் தள்ளித் தள்ளிப் பிசைவாள். மாவு கையில் ஒட்டாமல், விரலால் அழுத்தினால் மெல்ல மேலே எழும்பி வரும் பதம் வந்ததும், தேக்கிலையால் மூடிவிட்டு அப்பால் போய்விடுவாள். அப்புறம் யார் கூப்பிட்டாலும் இலையைத் தூக்க மாட்டாள்.

"பிசைகிறபோது பிசைய வேண்டும். விடுகிறபோது விட வேண்டும். இவ்வளவுதான் இந்தத் தொழில்" என்பாள். "பிசைய எல்லாருக்கும் வரும். விடத்தான் எவனுக்கும் வராது."

அந்தக் காட்டுக்குத் தலைவன் மார்த்தாண்டன். அவன் ஒரு காட்டுப்பன்றி. ஆனால் அந்தச் சொல்லை அவன் முன்னால் யாரும் சொல்வதில்லை. புலிக்குத் தான் ஏதோ ஒருவகையில் தூரத்து உறவு என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். மடுவில் தண்ணீர் குடிக்கப் போனால் கண்ணை இறுக மூடிக்கொண்டு குடிப்பான். ஏனென்றால் தண்ணீர் வேறு ஏதோ காட்டியது.

அவன் தோளிலேயே குடியிருந்தது வண்ணமுத்து என்ற பச்சோந்தி. தலைவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஆமாம் போடுவது அதன் உத்தியோகம்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. ஆறு வற்றி, நடுவில் ஒரு மடு மட்டும் மிஞ்சியது. வடகரைக்கு எவ்வளவு, தென்கரைக்கு எவ்வளவு என்று பேசி முடிக்க, தென்கரைத் தலைவரான காட்டெருமை பெரியகருப்பன் மறுநாள் மதியம் விருந்துக்கு வருவதாக இருந்தது. மடுவில் முக்கால் பங்கு வாங்கிவிட வேண்டும் என்று மார்த்தாண்டன் மனத்துக்குள் தீர்மானித்திருந்தான். அதற்கு அவன் செய்த முதல் ஏற்பாடு, வேலாயியிடம் போனது.

"நாளை விருந்துக்கு ஒரு பெரிய ரொட்டி வேண்டும்" என்றான். "என் முகம் போலவே இருக்க வேண்டும். பார்த்ததும் அந்த எருமை நடுங்க வேண்டும்."

வேலாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மடு வற்றிக்கொண்டிருக்கிறது, இவனுக்கு ரொட்டியில் முகம் வேண்டுமாம் என்று நினைத்துக்கொண்டாள்.

"எந்த முகம் தலைவரே?"

"எனக்கு எத்தனை முகம்?"

"இருக்கிற முகமா, இருக்க வேண்டிய முகமா என்று கேட்டேன்."

"இரண்டும் ஒன்றுதான்" என்றது வண்ணமுத்து.

வேலாயி அன்று மாலையே நான்கு மரக்கால் மாவு பிசைந்து, ஓய விட்டாள். மறுநாள் விடிந்ததும் மாவு இரண்டு மடங்காக உப்பியிருந்தது. அதில் ஒரு பங்கைக் கிள்ளித் தனியே மூடிவைத்தாள். மீதியை வழுவழுப்பான மூங்கில் கட்டையால் பாறைமேல் தேய்த்துப் பரப்பி, உள்ளதை உள்ளபடி வடித்தாள். பரந்த தாடை. மடிந்த காது. முன்னால் நீண்டு, நுனியில் தட்டையாக முடியும் மூக்கு. இரண்டு கொம்புப்பல்.

மார்த்தாண்டன் வந்து பார்த்தான். காடே கூடியிருந்தது.

"இது யார்?" என்றான்.

"ஆகா, என்ன அருமை" என்று தொடங்கிய வண்ணமுத்து, தலைவர் முகம் கறுப்பதைக் கண்டு தானும் கறுத்து, "என்ன கொடுமை" என்று முடித்தது.

"மூக்கு கூராக இருக்க வேண்டும். காது நிமிர்ந்து நிற்க வேண்டும். கலைத்துவிட்டுச் செய்."

"மாவு இப்போதுதான் ஓய்ந்து எழுந்திருக்கிறது, தலைவரே. திரும்பத் திரும்பக் கை வைத்தால் முறுக்கேறிவிடும். நாம் இழுத்த பக்கம் நிற்காது. சுட்டால் தோலாகிவிடும்."

"மாவுக்கு என்ன தெரியும்?" என்றான் மார்த்தாண்டன்.

"அதற்கு எதுவும் தெரியாதுதான். அதனால்தான் யார் சொன்னாலும் கேட்காது."

காட்டில் இரண்டு மூன்று பேர் இருமினார்கள். மார்த்தாண்டன் பல்லைக் கடித்தான்.

"வேலாயி, கேட்டுக்கொள். விருந்தில் என் முகம் கெட்டு வந்தால், கெடுத்தவர் யாராக இருந்தாலும் இந்தக் காட்டைவிட்டு ஓட வேண்டும். அந்தப் புற்றை இடித்துவிடுவேன்."

வேலாயி தன் புற்றைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று கோடை வேலையை இந்த மூக்குக்காக இடிப்பானாம். ஆனால் குரலில் அதைக் காட்டவில்லை.

"கெடுத்தவர் யார் என்று எப்படி முடிவு செய்வது தலைவரே? இங்கே ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்களே."

வண்ணமுத்து தன் அறிவைக் காட்ட இதுதான் சமயம் என்று முந்திக்கொண்டது. "இதில் என்ன குழப்பம்? கடைசியாக மாவில் கை வைத்தவர் யாரோ, அவர்தான் பொறுப்பு."

"சரியான தீர்ப்பு" என்றான் மார்த்தாண்டன். "காடு கேட்கட்டும். கடைசியாகக் கை வைத்தவரே பொறுப்பு."

"கேட்டோம்" என்றது காடு.

வேலாயி மாவைக் கலைத்து, உருட்டி, மறுபடி தேய்த்தாள். கூர்மூக்கு வைத்தாள்.

"இன்னும் மெல்லிதாக."

மறுபடி உருட்டினாள், தேய்த்தாள்.

"காது சின்னது."

மறுபடி. தாடை பெரிது என்றான். கன்னம் தொங்குகிறது என்றான். நெற்றியில் ராஜகளை இல்லை என்றான். ஒவ்வொரு முறையும் வண்ணமுத்து முதலில் பச்சையாகிப் பாராட்டி, பிறகு சிவப்பாகித் திட்டியது. ஏழாவது முறை கட்டையை எடுத்தபோதே மாவு தேய்த்த இடத்தில் நிற்காமல் பின்வாங்கிச் சுருங்கியது. வெண்ணெய்போல் இருந்த மாவு இப்போது வார்போல் இழுத்தது. வேலாயி அதை விரலால் அழுத்திப் பார்த்தாள். செத்த மாவு. இதை யார் சுட்டாலும் ரொட்டியாகாது.

இவனிடம் இனி வாதாடுவது வீண் என்று அவளுக்குத் தெரிந்தது. புகழ்ச்சியைத் தவிர வேறு எதுவும் நுழையாத காது அது. சரி, அதையே கொடுப்போம் என்று முடிவு செய்தாள். அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. இருந்தாலும் முள்ளை மடக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"தலைவரே, நான் தோற்றேன். உங்கள் மூக்கின் அழகு என் கைக்குப் பிடிபடவில்லை. எனக்கு வாய்த்தது முள்ளம்பன்றி மூக்கு. கூர்மூக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? அந்த மூக்குக்கு உரியவரே ஒருமுறை பிடித்துவிட்டால்தான் அது அமையும்."

மார்த்தாண்டனின் முகம் மலர்ந்தது. "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே."

அவன் பாறை முன்னால் வந்து நின்றான். முன்னங்காலால் மாவின் மூக்கைப் பிடித்து இழுத்தான். அது சுருங்கியது. இன்னும் பலமாக இழுத்து, கல்லில் தேய்த்து, கிளிமூக்குபோல் கூராக்கினான். காதைக் கிள்ளி நிமிர்த்தினான். தாடையை இரண்டு பக்கமும் அமுக்கி ஒடுக்கினான். அவன் குளம்பு பட்ட இடமெல்லாம் பிளவுபட்ட அடையாளம் விழுந்தது. கழுத்தில் ஒன்று நன்றாகவே பதிந்தது.

"பிரமாதம்" என்றது வண்ணமுத்து. இந்த முறை தலைவரே செய்ததால் தைரியமாகப் பச்சையிலேயே நின்றது.

"இனி நான் தொடவில்லை" என்றாள் வேலாயி, எல்லாருக்கும் கேட்கும்படி. பாறைக்கும் மாவுக்கும் நடுவே ஒரு மரப்பலகையைச் செருகி, அதோடு தூக்கி, தணல் வாரிய புற்றுக்குள் சறுக்கிவிட்டாள். கல்லால் வாயை அடைத்து, சந்தில் களிமண் பூசினாள். புற்றின் பின்பக்கம் இருந்த சின்னப் பொந்தில், தனியே மூடிவைத்திருந்த மாவைச் சிறு சிறு உருண்டையாகப் பிடித்து வைத்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் தலைவரின் குளம்பைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

உச்சிவேளைக்குப் பெரியகருப்பன் வந்தார். வயதான எருமை, மெதுவான நடை, மனத்தில் இருப்பதற்கும் வாயில் வருவதற்கும் நடுவே ஒன்றும் இல்லாதவர்.

"ஒரு அற்புதம் பார்க்கப்போகிறீர்" என்றான் மார்த்தாண்டன். "கல்லை எடு, வேலாயி."

வேலாயி களிமண்ணைத் தட்டிவிட்டுக் கல்லை நகர்த்தினாள். பலகையை உள்ளே செருகி, ரொட்டியை வெளியே எடுத்து வைத்தாள்.

முறுக்கேறிய மாவு சூட்டில் தன் வழிக்கே போயிருந்தது. இழுத்த மூக்கு உள்ளே வாங்கி, பருத்து, நுனியில் தட்டையாக உட்கார்ந்திருந்தது. நிமிர்ந்த காது இரண்டும் மடிந்து விழுந்திருந்தன. அமுக்கிய தாடை இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தது. சின்னக் கண் இரண்டும் மாவுக்குள் புதைந்து, உலகத்தைச் சந்தேகத்தோடு பார்த்தன.

காடு ஓரக்கண்ணால் தலைவரைப் பார்த்தது. பெரியகருப்பன் மட்டும் குனிந்து பார்த்து மகிழ்ந்து போனார்.

"அடடா, மார்த்தாண்டரே, உம்மையே பக்கத்தில் நிறுத்தினதுபோல் இருக்கிறது. அந்த மூக்கு ஒன்று போதுமே. எங்கள் கரையில் இப்படிச் செய்ய ஆளில்லை."

"இதுவா நான்?" மார்த்தாண்டனின் பிடரி மயிர் சிலிர்த்தது. "இது ஏதோ சேற்றுப் பன்றி."

பெரியகருப்பன் குழம்பினார். "நீர் பன்றிதானே?"

வண்ணமுத்துவுக்கு என்ன நிறமாவது என்று தெரியாமல் உடம்பு திட்டுத்திட்டாக மாறியது.

"என் முகத்தைக் கெடுத்துவிட்டாள்" என்று உறுமினான் மார்த்தாண்டன். "துரத்துங்கள் இவளை."

"ஒரு நிமிடம் தலைவரே" என்றாள் வேலாயி. பழைய குரல் திரும்பியிருந்தது. "முகம் கெட்டிருந்தால், கடைசியாகக் கை வைத்தவர் ஓட வேண்டும். அது உங்கள் தீர்ப்பு. காடே கேட்டது. கழுத்தைப் பாருங்கள்."

எல்லாரும் பார்த்தார்கள். ரொட்டியின் கழுத்தில், நன்றாகச் சிவந்து, பிளவுபட்ட குளம்பு ஒன்று பதிந்திருந்தது. முள்ளம்பன்றிக்குக் குளம்பு கிடையாது.

"முகம் கெட்டிருக்கிறதா, சரியாக இருக்கிறதா? நீங்களே சொல்லிவிடுங்கள்."

மார்த்தாண்டன் ஆற்றைப் பார்த்தான். காட்டைப் பார்த்தான். தன் மூக்கின் இரட்டைபோல் எதிரே கிடந்த அந்த ரொட்டி மூக்கைப் பார்த்தான்.

"சரியாகத்தான் இருக்கிறது" என்றான் கடைசியில்.

"யாரைப்போல் இருக்கிறது?"

"என்னைப்போல்."

"அச்சு அசல்" என்றது வண்ணமுத்து, ஒரு நிறத்துக்கு வந்து சேர்ந்த நிம்மதியோடு.

"அப்படியானால் முதல் துண்டு தலைவருக்கு" என்ற வேலாயி, மூக்கை ஒடித்து அவன் முன்னால் வைத்தாள். ஒரு காதைப் பச்சோந்திக்குக் கொடுத்தாள். விருந்தாளிக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. இருவரும் கடித்தார்கள். அது ரொட்டியாக இல்லை, காய்ந்த செருப்பாக இருந்தது. பல் உள்ளே போனது, வெளியே வரவில்லை.

வேலாயி பின்பக்கப் பொந்தைத் திறந்தாள். பொன்னிறத்தில் உருண்டை உருண்டையாக ரொட்டி, ஆவி பறந்தது. பெரியகருப்பன் ஒன்றைப் பிட்டார். அது பஞ்சாகப் பிரிந்தது. மூன்று தின்றபிறகு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"வந்த வேலையைப் பேசுவோம், மார்த்தாண்டரே. மடுவில் நடுப்பாறைதான் எல்லை. இந்தப் பக்கம் உமக்கு, அந்தப் பக்கம் எங்களுக்கு. ஆளுக்குப் பாதி. இதில் உமக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?"

முக்கால் பங்கு என்று சொல்ல மார்த்தாண்டன் வாயைத் திறக்கப் பார்த்தான். பல் சிக்கிய வாய் திறக்கவில்லை. பல்லை விடுவிக்கத் தலையை மேலும் கீழும் உதறினான். அதைப் பார்த்ததும் வண்ணமுத்துவும் பழக்கதோஷத்தில் தலையை மேலும் கீழும் ஆட்டியது.

"சம்மதம்" என்றார் பெரியகருப்பன்.

"சம்மதம்" என்றது காடு.

பெரியகருப்பன் இன்னும் இரண்டு ரொட்டியை வழிக்கு எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து போனார். வேலாயி புற்றின் சாம்பலை வாரிக் கொட்டினாள். கூட்டம் கலைந்தது. மார்த்தாண்டன் மட்டும் அங்கேயே நின்று, பொழுது சாயும்வரை தன் மூக்கை மென்றுகொண்டிருந்தான்.

நீதி: தன் முகத்தை ஒப்புக்கொள்ளாதவன், ஊர் பார்க்க அதையே மென்று விழுங்க நேரும்.