விதைச் சந்தையின் வாசல்

கோமதிநாயகம் யாரையும் லேசில் நம்பிவிடுகிறவர் அல்ல. பழக்கடையில் தராசைத் தூக்கி அடியில் பார்ப்பார். சொந்த ஊரில் ஆட்டோ ஏறினாலும் செல்போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்வார். யாராவது தன்னைப் புகழ்ந்துவிட்டால், இவனுக்கு என்ன வேண்டும் என்று அன்று முழுக்க யோசிப்பார்.

அரசாங்கத்தில் பெரிய பதவி அவருக்கு. எந்தத் துறை என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். வீட்டில் இருந்தபடியே செல்போன் வழியாக வெளிநாட்டுக்குப் பொருள் விற்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்கு விதிமுறை எழுதுகிற பொறுப்பு அவருடையது.

மனைவி இறந்த பிறகு அவர் உலகம்மையைத் தேடி வர ஆரம்பித்தார். உலகம்மை அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வேலையை விட்டுவிட்டு, கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். வீட்டைச் சுற்றித் தோட்டம். வருகிறவர்கள் ஏதாவது கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் களை பிடுங்கிக்கொண்டிருப்பார்.

அவரிடமும் கோமதிநாயகத்துக்கு முழு நம்பிக்கை என்று சொல்ல முடியாது. காணிக்கை வாங்காமல் இவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று முதல் வருடம் முழுக்க ஊரில் விசாரித்தார். தோட்டத்துக்குக் கேட் இருந்தும் பூட்டு இல்லாதது அவருக்குக் கடைசிவரை உறுத்தலாகவே இருந்தது. ஆனாலும் வந்துகொண்டிருந்தார். குரு என்று அவர் சொல்லிக்கொண்டது உலகம்மை ஒருவரைத்தான்.

அந்தத் தடவை மாதக் கடைசி வரை விடுப்பு எடுத்து வந்திருந்தார். சான்று, பதிவு எல்லாவற்றையும் இன்னும் கடுமையாக்குகிற புதிய விதிகளின் வரைவு பையில் இருந்தது. திரும்பிப் போனதும் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஒரு பொம்பளை ஆபீஸுக்கே வந்துட்டாங்கம்மா," என்றார், வந்த அன்றே. "கடையநல்லூர்க்காரங்க. மைமூன் பீவின்னு பேரு. கைக்குழந்தைங்களுக்குச் சட்டை தைச்சு மலேசியாவுக்கு அனுப்புறாங்க. பார்சலைச் சுங்கத்துல நிறுத்திட்டாங்க."

"ஏன்?"

"துணிக்குச் சோதனைச் சான்று இல்ல. கடைன்னு ஒண்ணு பதிவு பண்ணல. வீட்டுல ஒரு தையல் மிஷின், கையில ஒரு போன். அவ்வளவுதான் அவங்க கம்பெனி."

"சட்டை தைக்க அது போதாதா?"

"தைக்கப் போதும்மா. நம்பப் போதாதே. போன வருஷம் ஒருத்தன் பட்டுப் புடவைன்னு படம் போட்டுட்டுப் பழைய கோணியை மடிச்சு அனுப்பிட்டான். வாங்கினவங்க அங்கேருந்து எழுதுறாங்க, உங்க நாட்டுல எல்லாருமே இப்படித்தானான்னு."

"இந்த அம்மா பார்சல்ல என்ன இருந்துச்சு?"

"பிரிச்சுப் பார்த்தாங்க. சட்டைதான்." கோமதிநாயகம் குரலைத் தாழ்த்தினார். "ஆனா இந்தத் தடவை சட்டை. அடுத்த தடவை?"

உலகம்மை கத்தரிச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்.

"அழுதாங்கம்மா. நிஜமா அழுதாங்களா, அழத் தெரிஞ்சு அழுதாங்களா, எனக்குத் தெரியல. அதைத்தான் கேக்க வந்தேன். யோக்கியன் யாரு, ஏமாத்துறவன் யாரு? உள்ள விடுறதுக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

உலகம்மை கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை," என்றார். "வாசலை நீங்க பார்த்துக்கோங்க."

வெள்ளிக்கிழமைகளில் உலகம்மையின் தோட்டத்து மருத மரத்தடியில் விதைச் சந்தை கூடும். காசு கிடையாது. ஒருவர் அவரை விதை கொண்டுவருவார், ஒருவர் நிலக்கடலை கொண்டுவருவார், அளவுக்கு அளவு மாற்றிக்கொண்டு போவார்கள். சுற்றுக் கிராமத்து விவசாயிகள் வருவார்கள். வீட்டுக்குப் பின்னால் பந்தல் போட்டுப் பாகலும் புடலும் வளர்க்கிற பெண்கள் அவர்களைவிட அதிகம் வருவார்கள்.

"இங்கேயும் ஏமாத்துறாங்களா?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"போன மழைக்கு முன்னாடி ஒருத்தர் பழைய பாகல் விதையைக் கொடுத்துட்டுப் போயிட்டார். ஒண்ணுகூட முளைக்கல."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. மறுபடி வந்தார். யாரும் அவர்கிட்ட மாத்திக்கல. அப்புறம் வரல."

"அதுக்குள்ள ஒரு குடும்பம் ஏமாந்து போச்சே!"

"ஆமா," என்றார் உலகம்மை. "ஏமாந்துதான் போச்சு."

மறுநாள் காலையிலேயே கோமதிநாயகம் கேட்டில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார். விதை விளைந்த நிலத்தின் பட்டா நகல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். இரண்டும் இல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. அட்டைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உலகம்மை அட்டையைப் படித்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

முதலில் வந்தவர் மரியபுஷ்பம் என்ற பெண். முந்தானையில் தடியங்காய் என்கிற வெள்ளைப்பூசணியின் விதையை முடிந்து வைத்திருந்தார்.

"நிலம் யார் பேர்ல இருக்கு?"

"நிலமா? கூரை மேல ஏத்திவிட்ட கொடிலா சார் இது. வீடே வாடகை."

"கிராம அலுவலர் கையெழுத்து வாங்கியிருக்கீங்களா?"

"தடியங்காய்க்கா?"

மரியபுஷ்பம் சிரித்துவிட்டார். கோமதிநாயகத்துக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. தப்புப் பண்ணுகிறவர்கள்தான் முதலில் சிரிப்பார்கள் என்பது அவர் அனுபவம். முடியாது என்றார். பின்னால் வந்த பெண்களுக்கும் அதே பதில். கொஞ்ச நேரம் வேலியோரம் கூடி நின்று பேசிவிட்டுக் கலைந்துபோனார்கள். அலைந்து பட்டாவும் சீட்டும் கொண்டுவந்த ஏழெட்டு விவசாயிகள் மட்டும் மரத்தடியில் உளுந்தையும் கடலையையும் முன்னால் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரிடமும் உளுந்தும் கடலையும்தான் இருந்தன. மதியத்துக்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள்.

"இன்னைக்கு ஒருத்தர்கூட ஏமாறலம்மா," என்றார் கோமதிநாயகம்.

"ஆமா," என்றார் உலகம்மை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு புது ஆள் மோட்டார் சைக்கிளில் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். பின்சீட்டில் இரண்டு மூட்டை. பாவூர்சத்திரத்தில் உரக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார். பேர் ராமசுப்பு. கேட்பதற்கு முன்பே பிளாஸ்டிக் உறையிலிருந்து காகிதங்களை எடுத்து நீட்டினார். பட்டா இருந்தது. சீட்டு இருந்தது. கையெழுத்துக்கு மேல் வட்ட முத்திரையும் இருந்தது. அட்டையில் கேட்காத ஆதார் நகல்கூட இருந்தது.

கோமதிநாயகம் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருப்பதே அவருக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. ஆனால் அவர் போட்ட விதிதான். உள்ளே விட்டார்.

ராமசுப்புவின் மூட்டைகளில் அவரை, பாகல், சுரை, தடியங்காய், வெண்டை என்று எல்லாம் இருந்தன. விவசாயிகள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு மணி நேரத்தில் மூட்டைகள் காலியாகி, உளுந்தும் கடலையுமாக மறுபடி நிரம்பின. ராமசுப்பு கும்பிட்டுவிட்டுப் போனார்.

கோமதிநாயகம் அதோடு விடவில்லை. ஒவ்வொரு வகையிலும் ஒரு பிடி கேட்டு வாங்கியிருந்தார். ராமசுப்பு சிறு சிறு துணி முடிச்சுகளாகவே எடுத்துக் கொடுத்திருந்தார். அவற்றைப் பிரித்து, தேங்காய்ச் சிரட்டைகளில் மண் நிரப்பி ஊன்றினார். தினமும் காலையில் குனிந்து பார்த்தார். முளைக்காது என்று உள்ளுக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்ததை அவரே ஒப்புக்கொள்ள மாட்டார்.

முதலில் அவரை முளைத்தது. பிறகு வெண்டை. கடைசியாகத் தடியங்காய் தலையைத் தூக்கியது. ஒரு சிரட்டைகூடப் பொய்க்கவில்லை.

"பாருங்கம்மா!" செல்போனில் படம் எடுத்துக்கொண்டே கூப்பிட்டார். "எல்லாம் முளைச்சிடுச்சு."

உலகம்மை குனிந்து பார்த்தார். ஒரு முளையை விரலால் நிமிர்த்திவிட்டார்.

"நல்ல விதை," என்றார்.

"விதியும் நல்ல விதிம்மா. இந்தப் படத்தை வரைவோட சேர்த்தே அனுப்பப் போறேன்."

உலகம்மை தலையை ஆட்டினார். அது சரி என்பதற்கா, வேண்டாம் என்பதற்கா என்று கோமதிநாயகத்தால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மதியம் சிரட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்த துணிகளை அள்ளிக் குப்பையில் போடப் போனார். போடாமல் நின்றார். ஒன்று பூப்போட்ட சேலைக் கிழிசல். ஒன்று பள்ளிச் சீருடையின் பாவாடைத் துண்டு. ஒன்றில் மஞ்சள் வாசனை இன்னும் போகவில்லை. இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிற பெண்கள் தலையில் போடுகிற வெள்ளைத் துணியின் ஓரம்.

உரக்கடைக்காரர் ஒருவர் வீட்டில் இத்தனை வீட்டுத் துணி எப்படி வந்தது?

வாழ்நாள் முழுக்க அவரோடு வந்த சந்தேகம் இந்தத் தடவையும் வந்தது. ராமசுப்புவின் மேல் வந்தது. வேறு யாரோ கூட்டு இருக்க வேண்டும் என்று தோன்றியது. உலகம்மையின் மேலும் கொஞ்சம் வந்தது. அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வாசலில் உட்காரவில்லை. விடிந்ததும் நடந்து வருவதாகச் சொல்லிவிட்டு ரோட்டோடு கீழே இறங்கினார். வாய்க்கால் மதகு தாண்டுகிற வளைவில் மோட்டார் சைக்கிள் நின்றது. கோமதிநாயகம் பனை மறைவில் நின்றுகொண்டார்.

மதகுக் கட்டையில் ராமசுப்பு உட்கார்ந்திருந்தார். முன்னால் சாக்கு விரித்து, பக்கத்தில் ஓர் உழக்கு. எதிரில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவரும் முடிச்சை அவிழ்த்து மூன்று உழக்கு விதை அளந்து காட்டி, துணியோடு முடிந்து கொடுத்தார்கள். ராமசுப்பு ஓர் உழக்குக் கடலை அளந்து கொடுத்தார். போன வாரம் உள்ளே அவர் வாங்கிய அதே கடலை. யாரும் சண்டை போடவில்லை. ராமசுப்பு ஒவ்வொருவரிடமும் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார்.

வரிசையிலிருந்து திரும்பிய மரியபுஷ்பம் பனையோரம் நின்றவரைப் பார்த்துவிட்டார்.

"மூணுக்கு ஒண்ணா?" என்றார் கோமதிநாயகம். "ஏம்மா கொடுக்கீங்க? அங்கே வந்தா அளவுக்கு அளவு கிடைக்குமே."

"அங்கதான் காயிதம் கேக்கியளே. எங்ககிட்ட இல்ல. இவுககிட்ட இருக்கு." மரியபுஷ்பம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் சார், வேவு பார்க்க வந்தியளா? உங்க பங்கை இவுக ஒழுங்காக் கொடுக்கலையோ?"

"என் பங்கா?"

"பின்ன? நீங்க போர்டு மாட்டினிய. மறுவாரமே இவுக வந்து உக்காந்தாக. எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியளோ?"

அவர் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த அம்மா நம்புவதற்கு என்ன காட்டுவது என்று யோசித்தார். அவரிடம் ஒன்றும் இல்லை. மரியபுஷ்பம் கடலையை முடிந்துகொண்டு போய்விட்டார்.

ரோட்டோரமே நின்று செல்போனை எடுத்தார். மைமூன் பீவி ஆபீஸுக்கு வந்தபோது கொடுத்த மனுவில் இருந்த எண்ணை உதவியாளரிடம் கேட்டு வாங்கிக் கூப்பிட்டார். தான் யார் என்று சொன்னதும் அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓசை நின்றது.

"பார்சல் விஷயமா கேக்கலாம்னு..."

"அதெல்லாம் சரியாயிடுச்சு சார். இப்ப ஒரு கம்பெனி மூலமா போகுது. அவங்ககிட்ட எல்லாச் சான்றும் இருக்கு."

"நல்லதாப் போச்சு. கட்டுப்படி ஆகுதா?"

"தையக்கூலி தர்றாங்க. சட்டையில அவங்க பேரைத்தான் ஒட்டணும். மலேசியாவுல வாங்குறவங்களோட நான் போன்ல பேசக் கூடாதாம்." மைமூன் பீவி கொஞ்சம் தயங்கினார். "சார், நான் யார்கிட்டயும் பேசல சார். அவங்க ஏதும் சொல்லி விசாரிக்கிறீங்களா?"

"இல்லம்மா. சும்மாதான் கூப்பிட்டேன்."

"சரி சார்," என்றார் மைமூன் பீவி. நம்பின குரலாக இல்லை.

கோமதிநாயகம் மேடேறி வந்தபோது உலகம்மை சிரட்டை முளைகளைப் பாத்தியில் நட்டுக்கொண்டிருந்தார்.

"மதகுல கடை போட்டு உக்காந்திருக்கார்மா, அந்த ராமசுப்பு. மூணு உழக்கு வாங்கிட்டு ஒண்ணு கொடுக்கார்."

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"போன வாரமே தெரியும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

உலகம்மை நிமிர்ந்தார். "நான் சொல்லியிருந்தா, அவருக்கும் எனக்கும் என்ன தகராறுன்னு விசாரிக்கப் போயிருப்பீங்க."

கோமதிநாயகம் வரப்பில் உட்கார்ந்தார். அது பொய் என்று அவரால் சொல்ல முடியவில்லை. பிறகு மெல்ல முகம் தெளிந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"விதியில ஓர் ஓட்டை இருந்திருக்கும்மா. அடைச்சிடலாம். தான் விளைவிக்காத விதையை யாரும் உள்ள கொண்டுவரக் கூடாது. சொந்த விதைதான்னு உறுதிமொழி எழுதி, அதுல ஒரு கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வாங்கிட்டு வரணும். இதையும் சேர்த்துட்டா அந்த ஆள் என்ன பண்ணுவார்?"

உலகம்மை நட்ட முளையைச் சுற்றி மண்ணை அழுத்தினார்.

"சேருங்க," என்றார். "முதல் ஆளா அவர்தான் கையெழுத்தோட வந்து நிப்பார்."