துண்டுக்குள் முடிந்த பேரம்

முன்னொரு காலத்திலே வேங்கைமலை நாட்டை விசையராயன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் பொழுது போகாவிட்டால் ஊரை இரண்டாக்கி வேடிக்கை பார்ப்பான்.

அவன் நாட்டுக்கும் அக்கரை நாட்டுக்கும் நடுவே ஒரே ஆறு. ஆடி மாதம் ஆற்று மணலில் இரண்டு நாட்டாரும் வடம் இழுப்பார்கள். ஜெயித்தவன் வயலுக்கே முதல் தண்ணீர். தோற்றவன் நாற்று நாற்றங்காலிலேயே கருகவேண்டியதுதான்.

"இந்த வருஷம் வடத்துக்குத் தலைவன் யார்? ஆசைப்படுகிறவர்கள் ஊர் ஊராய்ப் போய் ஆதரவு கேளுங்கள். ஜனங்கள் குடத்தில் ஓலை போட்டுச் சொல்லட்டும்" என்றான் ராஜா.

மேலூர் மருதவாணனும் கீழூர் கலியனும் கிளம்பினார்கள். முதலில் மரியாதையாகத்தான் பேசினார்கள். கூட்டம் கைதட்டக் கைதட்ட நாக்கு நீண்டது.

"கலியன் வடத்தைப் பிடித்தால், வடம்தான் அவனை இழுக்கும்!" என்றான் மருதவாணன்.

"மருதவாணன் தொப்பையைச் சுற்றிக் கட்டவே ஒரு வடம் வேணும்!" என்றான் கலியன்.

அங்கே பேசியதை இங்கேயும், இங்கே பேசியதை அங்கேயும் உப்பு காரம் சேர்த்துச் சுமந்தவர் அரண்மனைப் பிரதானி சடகோப நயினார். இரண்டு பேரும் அடித்துக்கொண்டு ஒழிந்தால் தலைமை தனக்கு என்று அவருக்குக் கணக்கு.

மருதவாணன் மயிரிழையில் ஜெயித்தான். மேலூரார் சும்மா இருந்தார்களா? கீழூர்த் தெரு வழியாகவே மேளம் அடித்துப் போனார்கள். "உங்க வடத்தை நீங்களே இழுத்துக்குங்க" என்று கீழூரார் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

போட்டிக்கு முதல் நாள். பாதி ஆள் இல்லை. ராஜா இப்போதுதான் அவசரமாய்ச் சபையைக் கூட்டி, இருவரையும் வரவழைத்தான்.

நயினார் எழுந்தார். "மன்னா, தலைமையை என்னிடம் கொடுங்கள். இவர்கள் சேரமாட்டார்கள். சேர்ந்தால் ஆற்றில் நனைந்த வடத்தை நானே தோளில் சுமந்து வருகிறேன்."

"முடிந்தது பேச்சு!" என்று சீறினார் மந்திரி எட்டியப்பன். மாட்டுச் சந்தையில் தரகு பேசி மேலே வந்த மனுஷர். கோபம் மூக்கு நுனியில். "வீட்டைக் கொளுத்திவிட்டுக் குளிர் காய்கிறீரா? இரும். மருதவாணா, இப்படி வா!"

தூணுக்குப் பின்னால் அவன் காதைக் கடித்தார். "வடத்திலே எல்லாருக்கும் முன்னால் நின்று பிடிக்கிற பெருமை, முன்பிடி, அஞ்சு பேருக்குத்தான். அதில் ஒன்றுகூட வேண்டாமாம் கலியனுக்கு. சும்மாவே வந்து இழுத்துக் கொடுக்கிறானாம். நாளைக்கு ஊர் அவனைத்தான் பெரிய மனுஷன் என்னும்."

"அதெப்படி? அஞ்சையும் அவன் ஆட்களுக்கே தருகிறேன்!"

பிறகு கலியன். "மருதவாணன் முன்பிடி அஞ்சையும் உனக்கே தரப்போகிறானப்பா."

"எனக்கென்ன பிச்சையா? ஒண்ணும் வாங்காமலே இழுத்துக் காட்டுறேன்!"

மருதவாணனிடம் அவர் சொன்னது அந்த நேரத்துக்குப் பச்சைப் பொய். இப்போது கலியன் வாயாலேயே அது மெய்யாகிவிட்டது.

சபை நடுவே இருவரையும் நிறுத்தி, கைகளின்மேல் தன் துண்டைப் போட்டார். "சந்தை வழக்கம் தெரியுமில்லையா? துண்டுக்குள் விரல்தான் பேசும். யார் இறங்கினான், யார் ஏறினான் என்று வெளியே தெரியாது. யாருக்கும் மானம் போகாது. கீழூருக்கு எத்தனை முன்பிடி? பேசுங்கள்!"

துண்டு துள்ளியது. மருதவாணன் கலியனின் விரல் ஐந்தையும் விரித்துப் பிடிக்க, கலியன் ஒவ்வொன்றாய் மடக்க, மருதவாணன் மறுபடி விரிக்க, இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது.

ராஜா துண்டுக்குள் எட்டிப் பார்த்தான். "என்னய்யா இது? கொடுக்கிறவன் ஏத்துகிறான், வாங்குகிறவன் குறைக்கிறான்! எந்த ஊர்ச் சந்தை?"

கலியனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "விடுப்பா, விரலை ஒடிச்சிடாதே. நாளைக்கு வடம் பிடிக்கணும்."

மருதவாணன் துண்டை உதறினான், கையை விடவில்லை. "கலியா, நீயும் உன் ஆட்களும் இல்லையென்றால், வடம்தான் என்னை இழுக்கும்."

"முன்பிடியை நாங்க பார்த்துக்கிறோம். நீ கடைசியில் நில்லு. வடத்தை உன் தொப்பையைச் சுற்றிக் கட்டுறேன். எவன் அசைக்கிறான்னு பார்ப்போம்!"

மறுநாள் அப்படியே நின்றார்கள். அக்கரையார் மூச்சுப் பிடித்து இழுத்தார்கள். தொப்பை நகரவில்லை. கீழூரார் ஒரே குரலாய் "ஏலேலோ" போட்டார்கள். அக்கரையார் ஆற்றில் விழுந்தார்கள். மதகு திறந்தது.

மருதவாணன் மாலையோடு நேரே கீழூருக்குப் போனான். வம்புக்கு அடித்த அதே மேளம், அதே தெரு. இந்த முறை வீட்டுக்கு வீடு நின்று கும்பிட்டான். "நீங்க இழுத்த தண்ணி இது" என்றான். சாத்திய கதவெல்லாம் திறந்தது. அவன் பின்னாலேயே நயினார், ஈர வடத்தின் கீழே முனகிக்கொண்டு அதே தெரு வழியாய் அரண்மனைக்குப் போனார். கீழூர்ப் பெண்கள் சிரித்தாலும் குடிக்க மோர் கொடுத்தார்கள்.

"மந்திரி, உமக்கு என்ன வேண்டும்?" என்றான் ராஜா.

எட்டியப்பன் துண்டை நீட்டினார். ராஜா உள்ளே கை விட்டான். அவன் முகம் சுருங்கியது. "கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்!" மந்திரி தலையை ஆட்டவில்லை. "சரி, சரி" என்று கையை உருவிக்கொண்டான்.

என்ன விலை என்று அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஆனால் அடுத்த ஆடியில், கிரீடத்தைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, கலியனுக்கும் மருதவாணனுக்கும் நடுவே வேஷ்டியை மடித்துக் கட்டி வடம் பிடித்து நின்றான் ராஜா. வேடிக்கை பார்க்க அவனுக்கு நேரமே இல்லை.