எண்ணுக்கு அடியில் இருந்த கோடுகள்

கோத்தகிரிக்கு ஏறிக்கொண்டிருந்த பேருந்தில் குருவும் மாணவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். நரைத்த தலை மாணவருடையது. குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை.

குருவின் பெயர் எஸ்தர். பழைய கார்களைப் பார்த்து, உள்ளே இருப்பது காருடன் பிறந்த எஞ்சினா, பிற்பாடு வந்து குடியேறியதா என்று சொல்வது அவள் தொழில். மாணவர் அருமைநாயகம் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டிகளைச் சோதித்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற கையோடு அவளிடம் வந்து, கற்றுக்கொள்ள வேண்டும் என்று நின்றார். இதுவரை டார்ச் பிடிக்க மட்டும்தான் விட்டிருந்தாள்.

"இன்னைக்கு நீங்க பாருங்க, சார். நான் டீ குடிக்கிறேன்" என்றாள்.

அவர் மடியிலிருந்த பையை நெருக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், எஞ்சின் அசல்தானான்னு கடைசியா எது சொல்லும்?"

ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. எந்த ஊர் என்று பார்க்க அவர் உள்ளங்கையால் துடைத்தார். வெளியே மூடுபனி மட்டும் இருந்தது.

"அதுல யாரோ ஒரு மீன் வரைஞ்சிருந்தாங்க" என்றாள் எஸ்தர்.

"கவனிக்கலையே, மேடம்."

அவர்கள் பார்க்க வந்த காரின் சொந்தக்காரர் போஜன், கம்பளிக் குல்லாயுடன் வாசலில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் தேயிலைத் தோட்டம் சரிந்து இறங்கியது. நடுவே முள்கம்பி வேலி. வேலிக்கு அப்பால் ஒரு வீடு, பனிக்குள் மிதப்பதும் மறைவதுமாக இருந்தது.

"அது என் தம்பி பெள்ளி வீடு" என்றார் போஜன். "எங்கப்பா செத்துப்போன வருஷமே அவர் கார் எஞ்சினும் நின்னுபோச்சு. இவன்தான் லாரியில ஏத்திக் கோயமுத்தூர் கொண்டுபோனான். திரும்பி வந்தா சத்தம் வேற. மாத்திட்டியாடான்னேன். இல்லேன்னான். சத்தியம் பண்ணுன்னேன். பண்ண மாட்டேன்னுட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வேலிதான். ஞாயித்துக்கிழமை அவன் பொண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்திருக்கு. அதே எஞ்சின்னா போவேன். இல்லேன்னா இந்த ஜென்மத்துல அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன்."

"கல்யாணப் பொண்ணு இந்த எஞ்சினைப் பார்த்திருக்காளா, ஐயா?"

"அவ எங்க பார்த்தா? அவ ஸ்கூட்டர் ஓட்டுறா."

எஸ்தர் சிரித்தபடி டீயை வாங்கிக்கொண்டாள். "போய்ப் பார்த்துட்டு வாங்க, சார்" என்றாள்.

கொட்டகையில் பழைய தார்ப்பாயின் வாசம். கறுப்புக் கார் உறங்குவதுபோல் நின்றது. அருமைநாயகம் பானெட்டைத் தூக்கினார். கிழட்டு யானையின் நெற்றியைப்போல எஞ்சின் கருத்துக் கிடந்தது. ஓரத்தில், கட்டைவிரல் அகலத்துக்குத் தட்டையான ஓர் இடம். அதில்தான் எண் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருந்தது.

அவர் கை தானாகப் பைக்குள் போனது. உப்புத்தாளை எடுத்தது. இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தது. பணிக்காலம் முழுக்க அந்தக் கை செய்த வேலை அது. தேய்த்து, மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்து நிழலிட்டால் எண் தாளில் ஏறிவிடும். எத்தனை வண்டிகள். எல்லா எண்களும் இப்படித்தான் சாம்பல் நிறத்திலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. இதுவும் வந்தது. காரின் உடம்பில் அறைந்திருந்த தகட்டைப் பார்த்தார். அதே எண்.

நடந்து வரும்போது அவருக்குத் தரையில் கால் படவில்லை.

"அசல்தான், மேடம். பொருந்துது."

போஜனின் முகத்தில் மெல்ல ஏதோ இளகியது. எஸ்தர் தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"எண் இருக்கு. கோடு எங்கே, சார்?"

"என்ன கோடு?"

"கம்பெனியில அந்த இடத்தை இழைச்சு மட்டமாக்குவாங்க. ஈரத் தலையில சீப்பு போனாப்பல சன்னமா கோடு விழும். அதுக்கு மேலதான் எண்ணை அடிப்பாங்க. யாராவது பழைய எண்ணை அழிச்சுட்டு இந்த எண்ணை அடிச்சிருந்தா, கோடும் கூடவே போயிருக்கும். இதுல கோடே இல்லை."

போஜன் எழுந்துவிட்டார். "பார்த்தியா அம்மணி! நான் சொன்னேன்ல. மாத்திட்டு எண்ணையும் அடிச்சிருக்கான். கூடப் பொறந்தவன்!"

அருமைநாயகம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். ரேகைகளுக்குள் கறுப்பாக இரும்புத்தூள் இறங்கியிருந்தது.

அவருக்கு முன்னால் பனி அசைந்தது. அதற்குள்ளிருந்து அவர் தேய்த்த வண்டிகளெல்லாம் வருவதுபோல் இருந்தது. லாரிகள், பேருந்துகள், வாடகைக் கார்கள், எல்லாம் நெற்றி பளபளக்கச் சத்தமில்லாமல் அவரைக் கடந்து இறங்கிப் போயின. உப்புத்தாள் போட்டதைச் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் எஸ்தர் மறுபடி டார்ச் பிடிக்கக்கூட அழைக்கமாட்டாள்.

வேலிக்கு அப்பால் பந்தல்கால் நடும் சத்தம் கேட்டது.

"கோடு இருந்திருக்கலாம்" என்றார். "நான்தான் தேய்ச்சுட்டேன்."

"தேய்க்கறதுக்கு முன்னாடி?" என்றார் போஜன். "இருந்துச்சா, இல்லையா?"

"பார்க்கலை."

"கவர்மெண்டு கை! தொட்டா வெளங்குமா?" போஜன் எஸ்தர் பக்கம் திரும்பினார். "வேற வழி சொல்லு, அம்மணி."

"வேற வழி இல்லை, ஐயா. இருந்த சாட்சி அது ஒண்ணுதான்."

"அப்ப நான் போறதா, வேணாமா?"

எஸ்தர் டீ டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "வண்டியை எடுங்க, சார்" என்றாள் மாணவரிடம்.

எஞ்சின் இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. புகையும் பனியும் ஒன்றாகிக் கொட்டகை நிரம்பியது. போஜன் காது கொடுத்துக் கேட்டார். "இது இல்லை. அப்பா ஓட்டுறப்ப சத்தம் இப்படி இருக்காது."

"அப்பா ஓட்டுறப்ப நீங்க எங்க உட்காருவீங்க?"

"பின்னாடி."

"தம்பி?"

போஜன் சற்று யோசித்தார். "என் மடியில. ஜன்னல் எட்டாது அவனுக்கு."

"அங்கயே உட்காருங்க."

அவர் முனகிக்கொண்டே ஏறினார். எஸ்தர் முன்னால் ஏறினாள். கார் கொட்டகையை விட்டு இறங்கியது. சாலை தெரியவில்லை. ஒவ்வொரு மரமும் பக்கத்தில் வந்த பிறகே மரமானது. எஞ்சின் சத்தம் அடியிலிருந்து வந்து இருக்கையின் வழியே முதுகில் ஏறியது.

"என்ன, ஐயா?" என்றாள் எஸ்தர் திரும்பாமல்.

அவர் இருக்கையின் முதுகில் காதை வைத்தார்.

"கிட்டத்துல வருது" என்றார் போஜன். "ஆனா முழுசா வரலை. அப்ப இன்னும் கொஞ்சம் கனமா இருக்கும்."

"பாரம் ஒண்ணு குறையுது, ஐயா."

பின்பக்கம் காட்டும் கண்ணாடிக்கு அருமைநாயகம் கண்ணை உயர்த்தினார். போஜன் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் இரண்டும் அதற்கு இருபுறமும், எதையோ விழாமல் பிடிப்பதுபோல் இருந்தன.

"இடது பக்கம் விடு" என்றார் கரகரத்த குரலில்.

இடது பக்கம் ஒரு பாதைதான் இருந்தது. அது வேலியைச் சுற்றிக்கொண்டு போனது. பந்தல்காலுக்குப் பக்கத்தில் கார் நின்றது. போஜன் இறங்கவில்லை. ஜன்னலை மட்டும் இறக்கினார். பனிக்குள் ஓர் உருவம் கடப்பாரையைக் கீழே போட்டது.

"ஏறுடா" என்றார் போஜன்.

"இதுலயா?"

"இதுலதான்."

கதவு திறந்து மூடியது. காரின் பின்பக்கம் தாழ்ந்தது. மேட்டில் ஏறும்போது எஞ்சின் குரலைத் தாழ்த்திக்கொண்டது. அருமைநாயகம் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து காரைக் கொட்டகையில் விட்ட பிறகும் அண்ணனும் தம்பியும் பின் இருக்கையை விட்டு இறங்கவில்லை. குருவும் மாணவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நடப்பது அவர்களா, பனியா என்று தெரியவில்லை.

"அது அதே எஞ்சின்தானா, மேடம்?"

"தெரியாது, சார்."

கொஞ்ச தூரம் போனார்கள். அவர் பைக்குள் கைவிட்டு அந்த உப்புத்தாளை எடுத்தார். பள்ளத்தின் ஓரம் நின்றார்.

"இதைத் தூக்கிப் போட்டுடறேன்."

"வேணாம்" என்றாள் எஸ்தர். "அந்தக் கோடெல்லாம் அதுலதான் இருக்கு."