கடைசி ரயிலன்று பெய்த மழை

தன்னிடம் படித்த பெண்ணிடமே பாடம் கேட்கப் போனவர் ஒருவர் ஆலம்படுகையில் இருந்தார். பெயர் கலியமூர்த்தி. அவ்வூர் மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். ஓய்வு பெறக் கொஞ்ச காலமே பாக்கி.

அந்தப் பெண் மெஹருன்னிசா. எட்டாம் வகுப்பில் அவரிடம் வரலாறு படித்தவள். இப்போது மாவட்டத் தலைநகரில் ஒரு நூலகத்தில், பழைய ஆவணங்களை இணையத்தில் ஏற்றும் வேலை. சனிக்கிழமைகளில் ஆசிரியர்களுக்கு வகுப்பும் எடுத்தாள். வரலாற்றுப் பாடத்துக்கு வேண்டியதை இணையத்தில் எங்கே தேடுவது, எப்படித் தேடுவது என்பதுதான் பாடம்.

முதல் நாள் கலியமூர்த்தி உள்ளே நுழைந்து, "வணக்கம் குருவே" என்றார். மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். கணினி முன் உட்கார்ந்திருந்த மெஹருன்னிசா சட்டென்று எழுந்து நின்றாள். பழக்கம்.

ஒரு சனிக்கிழமை அவர் குருவே என்று சொல்லவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகும் உட்கார்ந்தே இருந்தார். அவள் இரண்டு டீ வரவழைத்தாள். பாதி டீ ஆனபிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை 'நம்ம ஊர் வரலாறு'. பாடத்திட்டத்தில் இல்லாதது, சண்டை போட்டு அவரே வாங்கியது. இந்த வாரம் ஸ்மார்ட் போர்டில் ஆலம்படுகை ரயில் நிலையத்தின் பழைய படத்தைக் காட்டினார். ரயில் நின்று போய், நிலையமும் இடிந்து போன ஊர் அது. படம் இணையத்தில் கிடைத்தது. ஐந்து தளங்களில் இருந்தது, ஐந்தும் ஆலம்படுகை என்றே சொல்லின. சிமெண்டு பெஞ்சையும் தண்ணீர்த் தொட்டியையும் காட்டி அவர் உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி எழுந்து மரியாதையாகத்தான் கேட்டாள்.

"சார், பின்னாடி தெரியுற மலையை எப்ப எடுத்தாங்க?"

ஆலம்படுகையில் வைக்கோல் போரைவிட உயரமான மேடு எதுவும் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வயல். வகுப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. இருட்டுவதற்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அவர் 'மலை சார்' ஆகிவிட்டார்.

தலைமையாசிரியை நல்ல மனுஷி. அந்தப் பாடவேளையை வேண்டுமானால் கம்ப்யூட்டர் டீச்சர் பார்த்துக்கொள்ளட்டுமே என்று இதமாகச் சொன்னார். திங்கட்கிழமை பதில் சொல்வதாகக் கலியமூர்த்தி தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

"அஞ்சு பேர் சொன்னா நம்பாம என்னம்மா செய்யறது?"

மெஹருன்னிசா ஐந்து படங்களையும் திரையில் வரிசையாக வைத்தாள். ஐந்திலும் வலது மூலையில் ஒரே மடிப்பு, அதே இடத்தில் ஒரே கறை. ஒருவர் தப்பாகப் போட்டார். நாலு பேர் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

கலியமூர்த்தி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"பொய் சொல்லாத தளமா நாலு சொல்லு மெஹரு. அதை மட்டும் வச்சுப் பாடம் நடத்துறேன். இல்லேன்னா திங்கக்கிழமை அந்த வகுப்பைக் கொடுத்துடறேன். எனக்கும் மலை தெரியாத கண்ணாயிடுச்சு."

அவள் வேறொன்று கேட்டாள். கடைசி ரயில் ஓடிய நாளில் என்ன நடந்தது?

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அது அவருக்கு மனப்பாடம். எட்டாம் வகுப்பு மொத்தத்தையும் டிக்கெட் எடுத்து ஏற்றிக்கொண்டு அடுத்த ஊர் வரை போனார். மெஹருன்னிசாவும் அதில் ஒருத்தி. பிளாட்பாரத்தில் ஊரே நின்றது. எஞ்சினுக்கு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். வண்டி தெற்கு கேட்டைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. அந்த கேட்டில்தான் அவருடைய அப்பா காலமெல்லாம் கேட் கீப்பராக இருந்தார். முந்தைய ஐப்பசியில்தான் காலமாகியிருந்தார். பச்சைக் கொடி பிடிக்க அன்றைக்கு அங்கே வேறு யாரோ நின்றார்கள். சரியாகப் பார்க்க முடியவில்லை, கண்ணாடி முழுக்க மழைத்துளி.

"உன் கைக்குட்டையைத்தானே வாங்கித் துடைச்சேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

அவள் தேடி எடுத்தாள். ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரின் மகன் ஏற்றியிருந்த கறுப்பு வெள்ளைப் படம். பிளாட்பாரம், கூட்டம், வாழைக்கன்று. பின்னால் மலை இல்லை. கலியமூர்த்தி அதை முதலில் பார்த்துக்கொண்டார். கூட்டத்தில் பாதிப் பேர் குடை பிடித்திருந்தார்கள்.

"பாரு, மழை" என்றார்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். ஒவ்வொரு குடைக்கும் கீழே, தரையில், மைபோல நிழல் கிடந்தது. சித்திரை மாத வெயில்.

அவர் விடவில்லை. பத்திரிகை என்ன சொல்கிறது என்றார். நாளிதழ்களின் பழைய பக்கங்கள் இருந்த தளத்தில் அதுவும் கிடைத்தது. 'வானமும் கண்ணீர் சிந்தி விடைகொடுத்தது' என்று நிருபர் எழுதியிருந்தார். கலியமூர்த்தி மேஜையைத் தட்டினார்.

அவள் அதே நிருபர் எழுதிய வேறு இரண்டு செய்திகளைத் திறந்தாள். ஒரு மடாதிபதியின் இறுதி ஊர்வலத்திலும் வானம் கண்ணீர் சிந்தியிருந்தது. மாவட்ட ஆட்சியர் மாற்றலாகிப் போனபோதும் சிந்தியிருந்தது.

"இந்த ஆளு போற இடமெல்லாம் மழை" என்று கலியமூர்த்தியே சிரித்துவிட்டார்.

அடுத்தது தாலுகாவின் மழைப் பதிவு. அதையும் யாரோ புண்ணியவான் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார். அந்த வாரம் முழுக்கச் சுழியம். கலியமூர்த்தி யோசித்தார். மழைமானி தாலுகா ஆபீசில் இருந்தது, கேட் இருந்தது வேறு திக்கில். வரப்புக்கு இந்தப் பக்கம் பெய்து அந்தப் பக்கம் காய்கிற ஊர் அது. பிளாட்பாரத்தில் வெயில் அடித்தால் கேட்டில் பெய்யக்கூடாதா?

"பெய்யலாம் சார்" என்று ஒப்புக்கொண்டாள். "அப்ப கேட்டில் மழை பெய்ததுக்குச் சாட்சி ஒருத்தர்தான். நீங்க."

"நான் பொய் சொல்வேனா?"

"சொல்ல மாட்டீங்க."

 பிறகு அவள், அவர்கள் வகுப்பில் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றார். வகுப்பில் யார் எதைச் சொன்னாலும், அதைச் சொன்னவன் அப்போது எங்கே நின்றான் என்று விடாமல் கேட்பாராம். போர்க்களத்தைப் பற்றிச் சொன்னாலும் கேட்பார், பக்கத்துத் தெருச் சண்டையைச் சொன்னாலும் கேட்பார். 'எங்கே நின்றான்' சார் என்றுதான் அவருக்குப் பெயர்.

"மலை சாருக்கு அது தேவலை" என்றார் கலியமூர்த்தி.

"நீங்க எங்கே நின்னீங்க சார்?"

அவர் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார். "நிக்கலை. உக்காந்திருந்தேன். மூணு பேர் சீட்டில் நடுவில்."

"ஜன்னல் மூடியிருந்ததா?"

"நீங்க எங்கே மூட விட்டீங்க? எல்லா ஜன்னலும் திறந்துதான் கிடந்தது. பாதி வகுப்பு வெளியில்தான் தொங்கிச்சு."

"ஜன்னல் ஓரத்தில் யாரு?"

கலியமூர்த்தி, கைக்குட்டை எந்தப் பக்கமிருந்து நீண்டது என்று அப்போதுதான் யோசித்தவர்போல, இடது கையை லேசாகத் தூக்கி, அப்படியே வைத்திருந்தார்.

மெஹருன்னிசா கணினியை அணைத்தாள்.

"நான்தான் சார்" என்றாள். "நான் நனையலை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் வேட்டி நுனியால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, வாசல்படியில் நின்று, அந்தக் குடைப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்கு வேண்டும் என்றார்.

"பிள்ளைங்க மழையான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க சார்?"

கலியமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.