ஒன்பது மில்லிமீட்டர்

பெனிட்டாவுக்கு நடந்தது அநியாயம்தான். உள்ளதை உள்ளபடி எழுதிய அவளுக்குப் பத்துக்கு ஆறு. இல்லாததை எழுதிய தினகருக்குப் பத்துக்குப் பத்து.

சிவில் இரண்டாம் ஆண்டு, சர்வே பாடம். நூலகப் படிக்கல்லில் ஒரு சிவப்புக் குறி உண்டு. அதன் மட்டம் நூறு மீட்டர் என்று வைத்துக்கொள்வது அந்தக் கல்லூரி வழக்கம். அங்கே புறப்பட்டு, கருவியில் மட்டம் பார்த்துக்கொண்டே ஒரு கிலோமீட்டர் சுற்றி, அதே குறிக்குத் திரும்பி வர வேண்டும். வந்து சேரும்போது கணக்கிலும் நூறே வர வேண்டும். பெனிட்டாவின் அணிக்கு நூறு மீட்டரும் ஒன்பது மில்லிமீட்டரும் வந்தது. அந்தத் தூரத்துக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் வரை பிழை இருக்கலாம் என்று பாடப்புத்தகமே சொல்கிறது. அவள் ஒன்பது என்றே எழுதினாள்.

தினகர் அணி பாதிச் சுற்றிலேயே கேன்டீனுக்குப் போய்விட்டது. மீதி ரீடிங்கை அங்கே உட்கார்ந்து சமைத்தார்கள். கடைசி வரியில் நூறு என்று போட்டுவிட்டு அங்கிருந்து மேலே எழுதிக்கொண்டு போனால், பிழை பூஜ்யம் ஆகாமல் எங்கே போகும்? சீனியர்கள் வருஷா வருஷம் கைமாற்றிவிடும் பக்குவம் அது.

மார்க் போனால் போகட்டும் என்று அவள் விட்டிருப்பாள். வாய்க்காலை விட முடியவில்லை. விடுதிக்குப் பின்னால் துப்புரவுப் பணியாளர் குடியிருப்பு. பெரிய மழை பெய்தால் பதினாறு வீட்டிலும் கணுக்கால் அளவு தண்ணீர். அங்கே புதிதாக வாய்க்கால் வெட்டப் போகிறார்கள். பிழை குறைந்த அணிதான் அதற்கு மட்டம் எடுத்து முளை அடிக்க வேண்டும். துறைப் பலகையில் ஒட்டியிருந்த தாளில் தினகர் பெயர் இருந்தது.

மார்க் போட்ட பரமேஸ்வரன் சாரிடம் போனாள்.

“சார், ஒன்பது அனுமதிக்குள்ளதானே?”

“உள்ளதான். ஆனா ஒன்பதைவிடப் பூஜ்யம் நல்லதா இல்லையா?”

“அவங்க சமைச்சது சார்.”

“நீ பார்த்தியா?”

“கேன்டீன்ல வச்சு எழுதுனதைப் பார்த்தேன்.”

“அப்ப நீயும் கேன்டீன்லதான் இருந்திருக்க.”

அவள் கோமளவல்லி மேடத்திடம் போனாள். சர்வேயில் அந்தத் துறையின் கடைசிச் சொல் அவருடையது. கல்லூரிக்கு வருமுன் பாசன வாய்க்கால்களில் வேலை பார்த்தவர். அவர் அடித்த முளையை யாரும் பிடுங்கி மாற்றி அடித்ததில்லை என்பார்கள். யாரிடமும் மல்லுக்கு நிற்கும் பெனிட்டா, இவர் பேச ஆரம்பித்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள்.

மேடம் அவள் ரீடிங் எழுதிய புத்தகத்தைக் கடைசி வரை புரட்டினார்.

“இந்த ஒன்பது எங்க வந்துச்சு?”

“தெரியல மேடம். ஆனா பொய் எழுதல.”

“அதை நான் கேக்கல. கருவியில பார்த்தது யாரு?”

“நான்தான். எப்பவும் நான்தான்.”

“ஸ்டாஃப் பிடிச்சது?”

“சுடலைமுத்து.”

“அவன் என்ன சொன்னான்?”

ஆளைவிட இரண்டு மடங்கு உயரமான அந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பவனிடம் அந்த வகுப்பில் யாரும் எதுவும் கேட்பதில்லை. நேராப் பிடி என்று சொல்வதோடு சரி.

“காலைல ஏழு மணிக்கு வா. அவனையும் கூட்டிட்டு வா.”

மறுநாள் கருவிக்குப் பின்னால் மேடம் நின்றார். புத்தகம் சுடலைமுத்துவிடம் போனது. ஸ்டாஃப் பெனிட்டாவின் கைக்கு வந்தது.

மூன்றாவது இடத்திலேயே தோள் கடுத்தது. மேடம் ஒவ்வொரு ரீடிங்கையும் இரண்டு தடவை பார்த்தார். கருவியை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நிறுத்தி மறுபடி பார்க்கும்வரை, ஸ்டாஃப் பிடிப்பவர் அதே புள்ளியில் நிற்க வேண்டும். முகத்தை மட்டும் திருப்பலாம். இடத்தை மாற்றக் கூடாது. இத்தனை நேரம் ஆகும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஐந்தாவது இடம் விடுதித் தோட்டத்துப் புங்கமரம்.

“இங்கதானே நின்ன?” என்று சுடலைமுத்துவைக் கேட்டாள்.

“முதல்ல அந்தக் கல்லு மேல நின்னேன். மரம் மறைக்குதுன்னு நீதான் தள்ளி நிக்கச் சொன்ன.”

அவன் காட்டிய இடத்தில் ஸ்டாஃபை வைத்தாள். குழாய் கசிந்து ஊறிக் கிடந்த மண். மேடம் ரீடிங் எடுத்துவிட்டு முன்னால் நடந்தார். அவர் கருவியை நிறுத்துவதற்குள், கையிலிருந்த ஸ்டாஃப் மெல்ல மெல்லக் கீழே இறங்குவது அவளுக்குத் தெரிந்தது.

“அன்னைக்கும் இப்படித்தான் இறங்குச்சா?”

“ம்.”

“சொல்றதுக்கு என்னடா?”

“கை காட்டினேன். ஆட்டாம நேராப் பிடின்னு கத்தின.”

மேடம் தூரத்தில் காத்திருந்தார். பெனிட்டா ஸ்டாஃபைச் சேற்றிலிருந்து பிடுங்கினாள். கல்லின் மேல் வைத்தாள்.

“இங்கேருந்து மறுபடி பாருங்க மேடம்.”

கருவி பின்னால் வந்தது. மரம் மறைக்காத இடமாக மேடம் அதை நான்கடி தள்ளி நிறுத்தினார். தள்ளியிருக்க வேண்டியது கருவியைத்தான், ஆளை இல்லை.

சிவப்புக் குறிக்குத் திரும்பியபோது பிழை இரண்டு மில்லிமீட்டர்.

“இப்பத் திருப்தியா?” என்றார்.

பெனிட்டா புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இல்ல மேடம். இந்த ரெண்டு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியலையே.”

மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். “சுடலைமுத்துகிட்ட கேளு.”

மூவரும் துறைக்கு வந்தபோது பரமேஸ்வரன் சாரும் தினகரும் பலகை அருகே நின்றிருந்தார்கள். தினகர் கையில் முளைகளும் சுத்தியலும் இருந்தன. அன்றே குடியிருப்புக்குக் கிளம்புகிறானாம்.

“தினகர், அஞ்சாவது இடத்துல உன் ஸ்டாஃப் எது மேல நின்னுச்சு?” என்று மேடம் கேட்டார்.

“தரை மேல மேடம்.”

“எப்படிப்பட்ட தரை?”

தினகர் சாரைப் பார்த்தான். பிறகு சுத்தியலை மேசை மேல் வைத்தான்.

சாருக்கு மனம் ஆறவில்லை. “இருந்தாலும் மேடம், ரெண்டுன்னாலும் பிழை பிழைதானே. இவங்களுக்குப் பூஜ்யம் வந்திருக்கு. ஏன், உங்களுக்கு ஒரு தடவைகூடப் பூஜ்யம் வந்ததில்லையா?”

கோமளவல்லி பலகையிலிருந்த தாளின் குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“வந்திருக்கு சார். பத்தொன்பது வருஷத்துல ஒரே ஒரு தடவை.”

“அப்ப என்ன பண்ணீங்க?”

“மறுநாள் போய் முதல்லேருந்து திரும்ப எடுத்தேன்.”