சொர்ணம் பேசாத நேரம்

"டீச்சர், நான் கட்டின மிஷின் நிக்குது. ஏன்னு தெரியலை."

தவசிமுத்து கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார். தூத்துக்குடியில் ஜெயசீலியின் ரிப்பேர் கடை மாடியில் இருக்கிறது. படியேறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பஸ் பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெயசீலிக்கு முப்பத்து மூன்று. அவள் மாலையில் நடத்தும் கம்ப்யூட்டர் அசெம்பிளிங் வகுப்பில் ஆறு மாதம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். மற்றவர்கள் அவளை அக்கா என்பார்கள். இவர் மட்டும் டீச்சர் என்பார். அவள் இவரை அண்ணாச்சி என்பாள்.

"எப்படி நிக்குது?"

"திரையில படம் அப்படியே இருக்கும். மவுஸ் நகராது. கீபோர்டு கேக்காது. பட்டனை அமுக்கி அணைச்சுத்தான் திரும்பப் போடணும்."

"எப்ப நிக்குது?"

"எப்பன்னு இல்ல. அது நினைச்சா நிக்குது."

தான் செய்ததையெல்லாம் ஒப்பித்தார். ரேமைக் கழற்றி மாற்றினார். விண்டோஸை நாலு முறை அழித்துப் போட்டார். வயர் புதிது, ஃபேன் புதிது, டிஸ்க்கும் புதிது. சோதனை புரோகிராமைப் போட்டு இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினார். அப்போது மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அவள் முழுவதையும் கேட்டாள்.

"ஒண்ணு ஒண்ணா மாத்துனீங்களா, எல்லாத்தையும் சேர்த்து மாத்துனீங்களா?"

"சேர்த்துத்தான். நேரம் இல்ல டீச்சர்."

நேரம் இல்லைதான்.

அவர் மனைவி சொர்ணத்துக்குத் தொண்டையில் புற்றுநோய். பன்னிரண்டு நாளில் ஆபரேஷன். குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு பேச்சு இல்லை. அதற்கு முன் அறுநூறு வாக்கியங்களை அவள் குரலில் பதிவு செய்துவிட்டால், பின்னால் அவள் தட்டச்சு செய்வதைக் கம்ப்யூட்டர் அவள் குரலிலேயே பேசும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்காகத்தான் தவசிமுத்து கம்ப்யூட்டர் கட்டினார்.

ஐம்பது வாக்கியம் முடிந்தால்தான் அந்த மென்பொருள் சேமிக்கும். நடுவில் நின்றால் அத்தனையும் போய்விடும். முதல் ஐம்பதைச் சொர்ணம் நாலு முறை வாசித்துவிட்டாள். குரல் நாளுக்கு நாள் கம்மிக்கொண்டு வந்தது.

ஜெயசீலி எழுந்து அலமாரியிலிருந்து வேறொரு கம்ப்யூட்டரை எடுத்து மேசைமேல் வைத்தாள். இதைக் கொண்டுபோய் வேலையை முடியுங்கள், உங்களுடையதை மெதுவாகப் பார்க்கலாம் என்றாள்.

தவசிமுத்து அதைப் பார்க்கவே இல்லை.

"அவ குரல் நான் கட்டினதுலதான் இருக்கணும்."

அவள் வற்புறுத்தவில்லை. ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தாள்.

"நாளைக்கு ஒரு நாள் மிஷினைத் தொடாதீங்க. ஸ்க்ரூடிரைவரை வெளிய வச்சிருங்க. அவங்க எப்பவும்போல வாசிக்கட்டும். நீங்க பக்கத்துல உட்காருங்க. நின்னா மணியை எழுதுங்க. அந்த நேரம் ரூம்ல என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. மிஷினைப் பத்தி ஒரு வரி எழுதக் கூடாது."

"ரிப்பேருக்குக் கொண்டுவந்தா வீட்டுப்பாடம் குடுக்கீங்க."

அவள் கம்ப்யூட்டரைத் திரும்பப் போர்வையில் சுற்றிக் கொடுத்தாள்.

கோபத்தோடுதான் வீட்டுக்குப் போனார். ஒரு நாள் வீண் என்று நினைத்தார். ஆனாலும் மறுநாள் காலை நாற்காலியை இழுத்துப் போட்டு மைக்கின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன, இன்னைக்கு இங்கயே உட்கார்ந்துட்டீங்க?" என்று சொர்ணம் கேட்டாள்.

டீச்சர் சொன்னதாகச் சொன்னார்.

இத்தனை நாளும் அவர் அந்த அறையில் இருந்தது மேசைக்கு அடியில். இல்லாவிட்டால் பக்கத்து அறையில் எதையாவது படித்துக்கொண்டு. நின்றுவிட்டது என்று அவள் கூப்பிட்டால் ஓடி வருவார். சரிசெய்துவிட்டு, சீக்கிரம் ஆரம்பி என்பார். அவள் வாசித்து அவர் கேட்டதில்லை.

இப்போது கேட்டார். 'எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும்.' 'மழை வருகிறது, ஜன்னலைச் சாத்துங்கள்.' ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அவள் எச்சில் விழுங்க ஒரு கணம் கண்ணை மூடினாள். அது எப்போதிலிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று நாலு முறை நின்றது. நாலு முறையும் அவர் கை தானாகப் பெட்டியிடம் போனது. இழுத்துக்கொண்டார். பட்டனை அழுத்தித் திரும்பப் போடுவதைக்கூட அவளே செய்தாள்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரும் தாளுமாகக் கடைக்குப் போனார்.

"படிங்க" என்றாள் ஜெயசீலி.

"பத்து பத்து. சொர்ணம் வெந்நீர் குடிச்சா. பதினொண்ணு இருபத்தஞ்சு. கண்ணை மூடிச் சாய்ஞ்சா. பன்னெண்டே முக்கால். கொடியில துணி எடுக்கப் போனா. மூணு அம்பது. தொண்டை வலிக்குன்னா, கொஞ்ச நேரம் பேசலை."

"இன்னொரு தடவை."

படித்தார்.

"இன்னொரு தடவை."

எரிச்சலோடு ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் குரல் நின்றது. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அவ பேசும்போது ஒரு தடவைகூட நிக்கலை."

ஜெயசீலி கம்ப்யூட்டரைத் திரையோடு இணைத்தாள். விண்டோஸ் வருவதற்கு முன் வரும் பயாஸ் பக்கத்தைத் திறந்தாள்.

வேலை இல்லாத நேரத்தில் பிராசஸர் மின்சாரத்தைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டுத் தூங்கப் பார்க்கும் என்று சொன்னாள். இந்த பவர் சப்ளைக்கு நிறையக் கொடுக்கத் தெரியும். அவ்வளவு கொஞ்சமாகக் கொடுக்கத் தெரியவில்லை. அந்த இடத்தில் தடுமாறிவிடுகிறது.

"நான் ரெண்டு மணி நேரம் முழு வேகத்துல ஓட்டிப் பாத்தேனே."

"அதுல எப்படித் தெரியும்?"

தூக்கத்தின் ஆழத்தைக் குறைக்கும் ஒரு வரியை மாற்றினாள். சேமித்தாள்.

"அப்படியே அந்த ரேமையும் ஒரு தடவை—"

"ஒண்ணு மட்டும்."

போர்வையைச் சுற்றும்போது அவர் கேட்டார். "சரியாயிடுச்சான்னு எதைப் போட்டுச் சோதிக்கிறது?"

"எதையும் போடாதீங்க. சும்மா இருங்க."

அடுத்த எட்டு நாளில் அறுநூறு வாக்கியமும் முடிந்தது. ஆபரேஷனுக்கு இரண்டு நாள் மிச்சம் இருந்தது. ஆனால் அது பிறகு.

அன்று மத்தியானம் வீட்டில் கம்ப்யூட்டரை வைத்து இயக்கினார். சொர்ணம் மைக்கின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். வாசிக்க வேண்டிய தாளை எடுத்தாள்.

"ஆரம்பிக்கவா?"

"இல்ல. இப்ப ஒண்ணும் செய்யக் கூடாது. ரெண்டு பேரும் சும்மா இருக்கணும்."

அவள் தாளை மடியில் வைத்துக்கொண்டாள்.

இருந்தார்கள்.

தெருவில் உப்பு லாரி ஒன்று போனது. ஃபேன் சுற்றியது. அவள் கண்ணை மூடினாள், திறந்தாள். அவர் நகத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அரை மணி நேரம் போனது. இன்னொரு அரை மணி நேரமும் போனது.

அவர் மவுஸைத் தொட்டார். அம்புக்குறி நகர்ந்தது.

"சரியாயிடுச்சா?" என்றாள் சொர்ணம், கம்மிய குரலில்.

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்."

அம்புக்குறி நகர்ந்ததை அவளும் பார்த்திருந்தாள். நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.