மைனஸ் தெரியாத தொட்டி

நல்லசிவம் வாயைத் திறந்துவிட்டால் அந்தக் குடியிருப்பில் யாருக்கும் டிவி தேவைப்படாது. கிண்டியில் ஒரு கம்பெனியில் சி மொழியில் புரோகிராம் எழுதுகிறவன். மொட்டைமாடித் தொட்டியின் மோட்டார் தானாக ஓடி தானாக நிற்க ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்து, இனிமேல் மனுசக் கை படக்கூடாது என்று பழைய சுவிட்சையும் பிடுங்கிப் போட்டிருந்தான்.

தமயந்தி அன்று கதை கேட்கிற நிலைமையில் இல்லை. மகளுக்குக் காதுகுத்து. மதியச் சாப்பாட்டுக்கு அரிசி களையவேண்டும், குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, நடுவில் பேசக் கூச்சப்பட்டு நின்றாள்.

“பஃபர்னா, வர்றதைத் தேக்கி வைக்கிற இடம்,” என்றான் நல்லசிவம். “எங்க ஆபீஸ்ல ஒருத்தன் அதோட அளவை, மைனஸ் ஏத்துக்கிற எண் டப்பாவுல போட்டுட்டான். டப்பா நிரம்பிக் கவிழ்ந்து அளவு மைனசுக்குப் போயிடுச்சு. உள்ள போடப் போட எல்லாம் குறையுது. கம்ப்யூட்டர் எடையே இல்லாம மேஜையை விட்டுக் கிளம்பிடுச்சு.”

“புடிச்சுக் கட்டிப் போட்டியா தம்பி?” என்றாள் சமையலுக்கு வந்திருந்த சகாயமேரி, வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“ஒயரைப் புடிச்சேன்க்கா. என்னையும் தூக்கிக்கிட்டு ஜன்னல் வழியா வெளிய போயிடுச்சு. அந்தரத்துல தொங்கிக்கிட்டே ஒத்தைக் கையால ‘அன்சைன்ட்’னு டைப் பண்ணேன். அது மைனசே தெரியாத டப்பா. உடனே கனம் வந்து இறங்கிடுச்சு.”

“தரையில பள்ளம் விழலையே?”

“விழுந்துச்சே. அதுலதான் இப்ப கார் நிறுத்துறோம். அதுலேர்ந்து நான் எழுதுற எதுலயும் மைனஸ் கிடையாது. கடலையே கொண்டாந்து என் பஃபர்ல ஊத்தட்டும், இன்னும் இருக்கான்னு கேக்கும். போன மாசம் ஒரு வெளிநாட்டுக்காரன் ஊத்திப் பாத்தான். அவன் ஊர்ல மூணு கப்பல் தரை தட்டிடுச்சு. நம்ம தொட்டிக்கும் அதே டப்பாதான்.”

தமயந்தி தொண்டையைச் செருமினாள். “அண்ணே, தொட்டி காலி. மோட்டார் ஓடல.”

“இருக்காதே தங்கச்சி. போர்டைப் பாரு.”

படிக்கட்டுக்கு மேலே தொட்டியின் அளவைக் காட்டும் போர்டு பளிச்சென்று எரிந்தது: தண்ணீர் 429 கோடி லிட்டர்.

நல்லசிவம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். “அவசரத்துக்குன்னு அடியில ஐநூறு லிட்டரை ஒதுக்கி, அதைக் கழிச்சுக் காட்டச் சொன்னேன்,” என்று முனகினான். “தண்ணி அதுக்கும் கீழ போயிருக்கு. மைனஸ்னு சொல்லணும். அதுக்குத்தான் மைனஸ் தெரியாதே, பூஜ்யத்துக்குக் கீழ போனதும் சுத்திக்கிட்டு இருக்கிறதுலயே பெரிய எண்ணுக்குப் போயிடுச்சு. நிறைஞ்சிருக்குன்னு நெனச்சு மோட்டாரைப் போடல.”

“அதான் புளுகுது,” என்றாள் சகாயமேரி. “எழுதுனவன்கிட்டதானே கத்துக்கும்.”

அவன் சுதாரித்துக்கொண்டான். “அப்படி இல்லக்கா. ஒரே மொட்டைமாடியில இவ்வளவு தண்ணி, இந்தியாவுலயே நம்மகிட்டதான்.”

தமயந்தி குடத்தை இறக்கி அவன் காலடியில் வைத்தாள்.

“சரிண்ணே. அதுல ஒரு குடம் மொண்டுட்டு வாங்க.”